கட்டடத்தைப் பார்ப்பவர் எதைப் பார்க்கிறார்?

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஓர் அலுவலகத்துக்குப் போய், வசதிகள் முகாமைத்துவம் இங்கே யாருடைய பொறுப்பு என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கும். ஒன்று, துப்புரவுப் பணியாளரையும் காவலாளிகளையும் மேற்பார்வை செய்பவரின் பெயர். மற்றது, "மோட்டர் பழுதானால் ஆளைக் கூப்பிடுகிற தம்பி". இரண்டையும் முழுப் பிழை என்று தள்ள முடியாது. ஆனால் அவை அந்தத் தொழிலின் கையையும் காலையும் காட்டுகின்றனவே தவிர, தலையைக் காட்டவில்லை. எதை இன்று திருத்துவது, எதைத் தள்ளிப்போடுவது, யாரைக் கொண்டு செய்விப்பது, ஏன் அப்படித் தீர்மானித்தோம் என்று யாருக்குக் கணக்குக் கொடுப்பது என்பவைதாம் அதன் தலை. இக்கட்டுரை அதைப் பற்றியது.

வன்னியில் இந்தக் கேள்விக்கு ஓர் அவசரமும் உண்டு. போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஏ9 வீதியை அண்டியும் உள்ளேயும் செயலகங்கள், வங்கிக் கிளைகள், வைத்தியசாலை விடுதிகள், ஆடைத் தொழிற்சாலைகள், பல்கலைக்கழகப் பீடங்கள் எனப் பல கட்டடங்கள் அடுத்தடுத்து எழுந்தன. கட்ட நிதி கொடுத்தவரின் பெயர் வாசற்கல்லில் பொறிக்கப்பட்டிருக்கும். பராமரிக்க வேண்டியவரின் பெயர் எங்கும் இருக்காது. அவற்றுள் முதலில் எழுந்தவை இன்று பதினைந்து வயதை எட்டிவிட்டன. கொங்கிறீற் கூரை ஒழுகத் தொடங்குவதும், அன்று இரண்டு மின்விசிறிக்காக இழுத்த வயரில் இன்று நான்கு ஏசி ஓடுவதால் அது சூடேறுவதும் அந்த வயதில்தான்.

சொல்லின் பொருள்

வசதிகள் முகாமைத்துவம் என்பது மனிதர், இடம், நடைமுறை ஆகிய மூன்றையும் ஒரு கட்டடச் சூழலுக்குள் இணைத்து, அங்கே இருப்போரின் வாழ்வையும் அந்த நிறுவனத்தின் முதன்மைப் பணியையும் மேம்படுத்தும் பணி. முதன்மைப் பணி என்பது அந்த நிறுவனம் எதற்காக இருக்கிறதோ அது: வைத்தியசாலைக்குச் சிகிச்சை, தொழிற்சாலைக்குத் தையல், செயலகத்துக்கு மக்கள் சேவை. கட்டடம் அதற்குத் துணை நிற்க வேண்டும்.

இது ஒரு தனித் தொழிலாக அங்கீகாரம் பெற்று அதிக காலம் ஆகவில்லை. அமெரிக்காவில் இதற்கான தொழில்சார் சங்கம் 1980இல் தோன்றியது; ஐ.எஸ்.ஓ 41001 என்னும் சர்வதேசத் தரநியமம் 2018இல்தான் வெளிவந்தது. பெயர் புதியதானாலும், அதன் அடிப்படை எண்ணங்கள் வன்னியில் வளர்ந்த எவருக்கும் பழக்கமானவையே.

கிடுகு வீடும் குளமும்

கிடுகு வீட்டில் வாழ்ந்தவர்கள், கூரை ஒழுகிய பிறகு மேய்வதில்லை. ஐப்பசி மழைக்கு முன்பே பழைய கிடுகைக் கழற்றி, வளையையும் சிலாகையையும் தட்டிப்பார்த்து, கறையான் தின்ற தடியை மாற்றி, புதிதாக மேய்ந்துவிடுவார்கள். அந்த வேலைக்கு ஒரு நாட்காட்டி உண்டு. ஒழுக்கு என்ற முறைப்பாடு வந்துதான் அது தொடங்க வேண்டும் என்பதில்லை.

குளம் இன்னுமொரு படி மேலே. காலபோகம் முடிந்து, குளத்தில் எவ்வளவு நீர் மிஞ்சியிருக்கிறது என்பது தெரிந்த பின்னர், சிறுபோகத்துக்கான பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடும். அதிகாரிகளும் கமக்காரர் அமைப்புகளும் ஒன்றாக இருந்து, இருக்கும் நீருக்கு எத்தனை ஏக்கர் செய்யலாம், எந்தப் பகுதிக்கு நீர் திறப்பது, எந்தத் திகதியில் நிறுத்துவது என்று முடிவெடுப்பார்கள். எல்லோருக்கும் போதுமான நீர் இருந்தால் அந்தக் கூட்டத்துக்கே தேவை இருக்காது. போதாது என்பதால்தான் அளவு பார்க்கிறார்கள், பங்கு பிரிக்கிறார்கள், எடுத்த முடிவை எழுதிவைக்கிறார்கள். குரல் பெரியவருக்கு நீர் அதிகம் என்றாகிவிட்டால், கடைமடைக்காரரின் வயல் காய்ந்துவிடும்.

கிடுகிலிருந்து முன்கூட்டிச் செய்தல் என்பதையும், குளத்திலிருந்து பற்றாக்குறையை வெளிப்படையாகப் பங்கிடுதல் என்பதையும் எடுத்துக்கொண்டால், வசதிகள் முகாமைத்துவத்தின் பாதி கைக்கு வந்துவிடும். மீதிப் பாதியே தொழில்சார் ஒழுக்கம்.

திருத்துவதும் தடுப்பதும்

பழுது வந்தபின் செய்வது திருத்தப் பராமரிப்பு. பழுது வராதபடி, கால அட்டவணைப்படி செய்வது முன்தடுப்புப் பராமரிப்பு. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு எல்லோருக்கும் தெரியும். ஆனால் நடைமுறையில் பின்னது தோற்றுவிடுகிறது, ஏனென்றால் நடக்காத ஒரு பழுதுக்காக யாரும் நன்றி சொல்வதில்லை.

ஓர் ஒழுக்கைக் கிட்ட நின்று பார்ப்போம். இரண்டு மாடி அலுவலகம், மேலே தட்டையான கொங்கிறீற் கூரை. பதிவறையின் முகட்டில் தேநீர்க் கறை போல ஒரு மஞ்சள் வளையம் தோன்றுகிறது. அடுத்த மழையில் வளையத்தைச் சுற்றி இன்னொரு வளையம். மேசனை அழைத்தால் கீழிருந்து பார்த்துவிட்டு, கூரை முழுவதற்கும் ஒழுக்குத்தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும் என்று சொல்லி இலட்சக் கணக்கில் ஒரு தொகையைக் கூறுவார். தொழில் தெரிந்த முகாமையாளர் முதலில் ஏணியை எடுத்து மேலே ஏறுகிறார். அங்கே, பக்கத்து வேப்பமரத்தின் இலையும் சோளகக் காற்று கொண்டுவந்த மண்ணும் சேர்ந்து, நீர் வெளியேறும் குழாயின் வாயில் ஓர் அடைப்பாக இறுகிப்போயிருக்கின்றன. மழைநீர் போக வழியின்றி நாட்கணக்கில் தேங்கி நின்று, மயிரிழை வெடிப்பு ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறது. குழாய் வாயைத் துப்புரவாக்க ஒருவருக்கு அரை நாட் கூலி போதும். வெடிப்பை அடைக்க இன்னும் கொஞ்சம். முழுக் கூரைக்கும் பூச்சுத் தேவையா என்பதை அதன் பிறகுதான் சொல்ல முடியும்.

தேங்கிய நீருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நுளம்பு முட்டை முதிர்ந்து பறக்க ஏறத்தாழ ஒரு கிழமை முதல் பத்து நாட்கள் போதும். நுளம்பு பெருகும் இடங்களைத் தடுப்பதற்கென இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமே இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கூரையில் ஏறிப் பார்க்கும்வரை காத்திருப்பது தொழிலுக்கு அழகல்ல.

இங்கேயே வன்னிக்குரிய ஒரு சிறு பாடத்தையும் சேர்த்துவிடலாம். நம் பகுதியின் பல கிணறுகளிலும் குழாய்க் கிணறுகளிலும் நீர் வன்னீர், அதாவது சுண்ணாம்புச் சத்துக் கரைந்த நீர். தேநீர் வைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படைகட்டுவதைப் பார்க்காத வீடு இருக்காது. அதே படைதான் மலசலகூடத் தொட்டியின் வால்விலும், குழாய்த் திருகிலும், நீர் சூடாக்கியின் உள்ளேயும் படிகிறது. கொழும்பில் ஐந்து வருடம் நிற்கும் என்று விற்கப்படும் ஒரு பொருள் இங்கே அதற்கு முன்பே இறுகிப்போகலாம். ஆகவே கைநூலில் உள்ள அட்டவணையை அப்படியே பின்பற்றாமல், இடத்தின் நீருக்கும் புழுதிக்கும் ஏற்பக் குறுக்க வேண்டும். ஏசியின் தூசி வடிகட்டியைச் சோளகக் காற்று வீசும் மாதங்களில் மற்ற மாதங்களைவிட அடிக்கடி கழுவ வேண்டியிருப்பதும் இதே காரணத்தால்தான்.

இதுவரை சொன்னதன் சாரம்: கறை என்பது அறிகுறி, அடைப்பு என்பது காரணம். அறிகுறிக்குப் பணம் செலவழிக்கும் முன் காரணத்தைத் தேடிப் பார்த்து, அது திரும்பவும் வராதபடி ஒரு நாட்காட்டி அமைப்பதே முன்தடுப்புப் பராமரிப்பு.

எதை முதலில் செய்வது

ஒரு நாளில் பத்து முறைப்பாடுகள் வரும். கையில் ஓர் ஆளும் அரைப் பணமும் இருக்கும். வந்த வரிசையில் செய்வது நேர்மையாகத் தோன்றினாலும் அது பிழையான வரிசை. சத்தமாக வந்த வரிசையில் செய்வது அதைவிடப் பிழை. பணிப்பாளரின் அறையில் ஏசி நின்றால் ஒரு மணித்தியாலத்தில் ஆள் வந்துவிடுவார். துப்புரவுப் பணியாளர் உடைமாற்றும் அறையில் மின்செருகி தீப்பொறி தள்ளுவது ஒரு மாதமாக யாருக்கும் தெரியாமல் இருக்கும். முறைப்பாடு சொல்லக்கூடியவர்களிடமிருந்தே முறைப்பாடு வருகிறது என்பதை இத்தொழிலில் இருப்பவர் ஒருபோதும் மறக்கக்கூடாது.

வரிசைப்படுத்தும் அளவுகோலுக்கு இடர் என்று பெயர். ஒரு தீங்கு நிகழ எவ்வளவு வாய்ப்பு உண்டு, நிகழ்ந்தால் விளைவு எவ்வளவு பெரிது என்னும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே அது. சொட்டும் குழாய் நிச்சயமாக நாள்தோறும் சொட்டும், ஆனால் விளைவு சிறிது. கழன்ற செருகியால் ஒருவருக்கு மின்தாக்கம் ஏற்பட வாய்ப்புக் குறைவாக இருக்கலாம், ஆனால் நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று, விளைவு உயிர். ஆகவே செருகியே முன்னுக்கு வரும். பொதுவாக இந்த வரிசை நிற்கும்: உயிர்ப் பாதுகாப்பு, சட்டக் கடப்பாடு, பணி தடைப்படாமை, செலவு, கடைசியில் தோற்றம். சட்டம் என்னும்போது, தொழிற்சாலைகளுக்கு 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இன்றும் அடிப்படை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

பணி தடைப்படாமை என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிறு முற்பகல், நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டதே தொடக்கம் என்று அப்போதைய எரிசக்தி அமைச்சர் கூறினார். பலர் சிரித்தார்கள். வசதிகளைப் பார்ப்பவர் சிரிப்பதற்குப் பதில், தன் கட்டடத்தில் அந்தக் குரங்கு எங்கே உட்காரும் என்று யோசிப்பார். ஒன்று அறுந்தால் எல்லாம் அறும் இடம் எது? ஒரே மோட்டரா, ஒரே சாவியா, மின்பிறப்பாக்கியை இயக்கத் தெரிந்த ஒரே ஆளா? 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது, மின்பிறப்பாக்கி வைத்திருந்தும் டீசல் இல்லாத அலுவலகங்கள் இருளில் இருந்தன. இயந்திரம் இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு.

திரும்பப் பெற முடியாதவற்றுக்குத் தனி இடம் உண்டு. நாற்காலி நனைந்தால் வாங்கலாம். இடப்பெயர்வுகளில் ஆவணங்களைத் தொலைத்த மக்கள் வாழும் ஒரு மாவட்டத்தில், காணி அனுமதிப்பத்திரக் கோவை நனைந்தால் அது ஒரு குடும்பத்தின் பல வருட அலைச்சல். 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெருவெள்ளம் வந்ததைப் பார்த்த எவரும், கீழ்மாடிப் பதிவறையில் அடித்தட்டு இறாக்கையில் கோவைகளை வைத்திருக்கமாட்டார். இறாக்கையை இரண்டு அடி உயர்த்துவதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

விலை வேறு, செலவு வேறு

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒரு பொருளை வாங்கும் விலை, ஓட்டும் செலவு, திருத்தும் செலவு, கழிக்கும் செலவு அனைத்தின் கூட்டுத்தொகைக்கு வாழ்நாட் செலவு என்று பெயர். கணக்குக்காக, ஓர் இன்வேர்ட்டர் ஏசி சாதாரண ஏசியைவிட 60,000 ரூபா அதிகம் என்றும், மணிக்கு அரை அலகு மின்சாரம் மிச்சப்படுத்துகிறது என்றும் வைத்துக்கொள்வோம். நாளுக்கு எட்டு மணித்தியாலம், வருடத்துக்கு 240 வேலைநாள் என்றால் 960 அலகு. அலகு 40 ரூபா என்று கொண்டால் வருடத்துக்கு 38,400 ரூபா. ஒன்றரை வருடம் கடந்து சிறிது நாளில் அதிக விலை திரும்பிவிடும். ஆனால் அதே ஏசி மாதம் ஒரு முறை மட்டும் திறக்கும் கூட்ட மண்டபத்துக்கு என்றால், கணக்குத் தலைகீழாகிவிடும். எந்த விதியையும் இடம் பார்க்காமல் பயன்படுத்தக்கூடாது.

மச்சானின் கூறுவிலை

வன்னி சிறிய ஊர்களின் கூட்டம். முல்லைத்தீவில் வயரிங் செய்பவர் யார் என்று கேட்டால், கேட்டவருக்கே ஏதோ ஒரு வகையில் உறவாக இருப்பார். "மச்சான், வேற ஆக்களைக் கூப்பிட்டா வவுனியாவில இருந்துதான் வரவேணும், போக்குவரத்துக் காசையும் உங்கட தலையிலதான் கட்டுவாங்கள்" என்று அவர் சொல்வதில் உண்மையும் இருக்கும். இங்கேதான் தொழில்சார் ஒழுக்கம் என்ற சொல் மிகத் தளர்வாகப் பயன்படுத்தப்படுகிறது. உறவினருக்கு வேலை கொடுத்தாலே ஊழல் என்று ஒரு சாராரும், வேலை நன்றாக நடந்தால் யார் செய்தால் என்ன என்று இன்னொரு சாராரும் பேசுவார்கள். இரு சாராரும் ஒரு விடயத்தைத் தவறவிடுகிறார்கள்.

அதன் பெயர் நலமுரண்: தீர்மானம் எடுப்பவரின் சொந்த நலனும், யாருக்காகத் தீர்மானிக்கிறாரோ அவரின் நலனும் ஒன்றோடொன்று மோதக்கூடிய நிலை. நலமுரண் என்பது ஒரு குற்றம் அன்று. அது ஒரு நிலைமை. சிறிய ஊரில் அதைத் தவிர்க்கவே முடியாமலும் போகலாம். குற்றம் தொடங்குவது அதை மறைக்கும் இடத்தில். உறவு உண்டு என்று தெரிந்தவுடன் அதை எழுத்தில் மேலதிகாரிக்கு அறிவிப்பதும், கூறுவிலைகளைத் திறந்து மதிப்பிடும் குழுவிலிருந்து விலகுவதும், முடிந்த வேலையை வேறொருவர் பரிசோதிக்கச் செய்வதுமாக மூன்று காரியங்கள் நடந்துவிட்டால், மச்சானே வேலையைப் பெற்றாலும் யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. மூன்று கூறுவிலை பெற வேண்டும் என்னும் விதியைப் பலர் மூன்று காகிதம் என்று விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். மூன்று வெவ்வேறு கடித்தலைப்பில், ஒரே எழுத்துப்பிழையோடு, ஒரே ஒழுங்கில் வரும் கூறுவிலைகளைக் கண்டால், மூன்றும் ஒரே மேசையில் எழுதப்பட்டவை என்று ஊகிக்கப் பெரிய புலனாய்வு தேவையில்லை. விதியின் நோக்கம் ஒப்பிடுவது. ஒப்பிட வேண்டுமானால், என்ன வேலை, எந்தத் தடிப்பு வயர், எத்தனை மாத உத்தரவாதம் என்பதை விலை கேட்பதற்கு முன்பே எழுதி, எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்காமல் பெறும் மூன்று விலைகள் மூன்று வெவ்வேறு பொருள்களின் விலைகள். அவற்றில் குறைந்தது எது என்று சொல்வதில் அர்த்தமில்லை.

தன் அறிவின் எல்லையைத் தெரிந்திருப்பதும் இதே ஒழுக்கத்தின் பகுதிதான். ஏசிக் குழாய் போவதற்காகத் தூணில் துளையிடலாமா என்று கேட்கும்போது, "இது எனக்குத் தெரியாது, பொறியியலாளரிடம் கேட்போம்" என்று சொல்பவரே திறமையானவர். கண்காணிப்புக் கமராவின் பதிவைப் பார்க்கும் அதிகாரம் கையில் இருப்பதால், யார் யாரோடு தேநீர் குடித்தார் என்று பார்த்துப் பேசும் உரிமை வந்துவிடாது என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம்.

சுருக்கமாக: இடர் வேலைகளின் வரிசையைத் தரும், வாழ்நாட் செலவு பொருளைத் தெரிவுசெய்ய உதவும், நலமுரணை அறிவித்தல் அந்தத் தெரிவை மற்றவர் நம்பச் செய்யும்.

ஓர் ஐப்பசித் தீர்மானம்

இனி எல்லாவற்றையும் ஒரு கற்பனை அலுவலகத்தில் வைத்துப் பார்ப்போம். ஐப்பசி முதற் கிழமை. கையில் 4 இலட்சம் ரூபா. கேட்கப்பட்டவை ஆறு. உடைமாற்றும் அறை வயரிங்கும், மின் கசிந்தால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் மின்னொழுக்கு பிரேக்கரும், 85,000. கூரை வடிகாலும் பீலியும் துப்புரவாக்கி வெடிப்பை அடைத்தல், 30,000. முழுக் கூரைக்கும் ஒழுக்குத்தடுப்புப் பூச்சு, 3,50,000. மின்பிறப்பாக்கிக்கு புதிய பற்றரியும் சேர்விஸும், 45,000. முன்வாசலுக்குச் சாய்தளமும் மலசலகூடத்துக்கு அகலக் கதவும், 1,90,000. அடுத்த மாதம் விருந்தினர் ஒருவர் வருவதால் முன்சுவருக்கு வர்ணம், 2,20,000.

மேலிடத்தின் விருப்பம் வர்ணம் என்று வைத்துக்கொள்வோம். முகாமையாளர் "முடியாது" என்று சொல்லத் தேவையில்லை. கேட்டவருக்கு அவர் காரணம் சொல்ல வேண்டும். மாரி தொடங்கும் நேரத்தில் வெளிச்சுவருக்கு அடிக்கும் வர்ணம் ஈரச் சுவரில் பிடிக்காமல் உரியும். ஒழுக்குத்தடுப்புப் பூச்சுக்கும் அதே நியாயம்: காய்ந்த கூரையில்தான் அது ஒட்டும். ஆகவே இரண்டையும் தள்ளிப்போடுவதில் நட்டமில்லை. வயரிங் உயிர் சம்பந்தப்பட்டது, நாளைக்கே. வடிகால் மழைக்கு முன். மின்பிறப்பாக்கி, மழையோடு வரும் மின்தடைகளுக்கு முன்.

சாய்தளத்தை அடுத்த வருடம் பார்க்கலாம் என்று குழுவில் ஒருவர் சொல்லக்கூடும். சக்கரநாற்காலியில் யாரும் வருவதில்லையே என்பார். படி மட்டும் இருக்கும் வாசலுக்கு அவர்கள் எப்படி வருவார்கள்? போரில் கை கால் இழந்தோரும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோரும் பலர் வாழும் நிலம் இது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும் அதன் கீழ் 2006இல் வந்த அணுகும் வசதி ஒழுங்குவிதிகளும் பொதுக் கட்டடங்களிடம் இதைக் கேட்கின்றன. ஓர் அடி உயர வாசலுக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்வு என்பது பொது அளவு. இடம் போதவில்லை என்று செங்குத்தாகக் கட்டினால் அது சறுக்குமரம் ஆகிவிடும். பணமும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது, இந்த வருடமே.

கூட்டினால் 85,000, 30,000, 45,000, 1,90,000, மொத்தம் 3,50,000. மிச்சம் 50,000 மழைக்காலத்து எதிர்பாராத பழுதுக்காக ஒதுக்கிவைக்கப்படுகிறது. இவை எல்லாம் ஒரு பக்கக் குறிப்பாகக் கோவையில் ஏறுகின்றன: செய்தது எது, செய்யாதது எது, ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன, யார் தீர்மானித்தார், வயரிங் கூறுவிலை தந்தவர்களில் ஒருவர் தன் மைத்துனர் என்பதால் முகாமையாளர் மதிப்பீட்டிலிருந்து விலகியிருந்தார் என்பது உட்பட. பங்குனி முதற் கிழமை, கூரை நன்றாகக் காய்ந்த பின், ஒருவர் ஏறிப் பார்த்து, தேவை என்றால் மட்டும் ஒழுக்குத்தடுப்புப் பூச்சுக்கு மீண்டும் விலை கோருவது என்ற வரியோடு அந்தக் குறிப்பு முடிகிறது.